காத்திருப்போர் கூடத்தில் நான் பேசிய உன் பெருமை

அன்பும் தற்சமயம் கோபமும் மிகுந்த மகளுக்கு,

கீழ்த்தளத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாடியில் நீயும் நலமென்று காலடிச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். நேற்றிலிருந்து நீ என்னோடு பேசாததால் இந்தக் கடிதம்.

தப்பு என் பேரில்தான். நேற்று ஆஸ்பத்திரிக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், கொடுத்துவிட்டு நடையைக் கட்டியிருக்க வேண்டும். உன் அறை வாசலில் 'குழந்தைகள் புற்றுநோய், ரத்தநோய் மருத்துவர்' என்று ஒரு பலகை, அவ்வளவுதான். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தார்கள் பெற்றவர்கள். டாக்டர் என்ன படித்தவர் என்று தெரிந்தால் தெம்பாக இருக்குமே என்று நானாகத்தான் ஆரம்பித்தேன். முதலில் பொது மருத்துவம், அப்புறம் குழந்தை மருத்துவம், அதற்கும் மேலே புற்றுநோயும் ரத்தமும் என்று நீ படித்து முடிப்பதற்குள் என் தலை நரைத்ததைச் சொன்னேன். போதாக்குறைக்கு எல்லோருக்கும் என் போன் நம்பரையும் கொடுத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சபை களைகட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் என் விரலில் கத்தி பட்டதற்கு நீ மயங்கி விழுந்தது, பயிற்சிக் காலத்தில் உன் வார்டில் முதல் குழந்தை இறந்த அன்று குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு, "எனக்கு இந்த வேலையே வேணாம்ப்பா" என்று அழுதது, எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் நீ வேலைக்குக் கிளம்பியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், மூலையிலிருந்த ஒரு தாய் தன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நீ வந்து கூப்பிட்டபோது நாற்காலி காலி. "இன்னிக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டிய பொண்ணுப்பா" என்று மட்டும் சொன்னாய். அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலைம்மா. உன் பெருமையைப் பேசப்போய் ஒரு பிள்ளையின் உயிரோட விளையாடிட்டேனே.

இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். சாப்பாடு அம்மா கொண்டுவருவாள். அவளும் பேசுவாள்தான், ஆனால் என்னைப் பற்றித்தான் பேசுவாள்.

உன் கை தொட்ட பிள்ளைகளெல்லாம் பிழைத்துக் கிடக்கட்டும்.

வாயை அடக்கத் தெரியாத,
அப்பா

பி.கு.: மடிக்கும்போது போன் அடித்தது. அந்தத் தாய்தான். "அழுத டாக்டர் மறுநாள் வேலைக்குப் போனாங்களா ஐயா?" என்று கேட்டாள். போனாள் என்றேன். "அப்ப நாங்களும் வந்துடறோம்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் வாபஸ். சாப்பாடு நான்தான் கொண்டுவருவேன். பிள்ளையோடு எத்தனை மணிக்கு வரலாம் என்று அந்தத் தாய் கேட்கிறாள். இதை எழுதி முடிக்கும்வரை லைனிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் கீழே வா.