அச்சுச்சாமியும் அழுத கார்களும்

செம்பட்டி முக்கில் இறங்கி யாரிடமும் வழி கேட்க வேண்டாம். பழைய கார்கள் சொட்டிக்கொண்டே போன எண்ணெய்த் தடத்தைப் பிடித்துப் போனால், ஒழுகும் கார்களுக்குத் தோஷம் கழிக்கும் அச்சுச்சாமியின் கொட்டகை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார்த் திருவிழா. எலுமிச்சம்பழக் கடை, பூசணிக்காய்க் கடை, சாமியின் யூடியூப் சானலுக்குப் படமெடுக்க ஒரு ஆள்.

சாமியின் தத்துவம் எளிமையானது. பழைய காரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன் பின்னால் நின்றுதான் விடுகிறான். அந்தக் கண் நேராகப் பின் அச்சில் இறங்குகிறது. அச்சு அழுகிறது. அந்தக் கண்ணீர்தான் ஆயில். முன்னால் நின்று பொறாமைப்படுகிறவன் கண் எங்கே இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

கிதர் முகம்மதுவும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிறவர். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்வார். அவரிடம் அறுபதுகளில் செய்த கறுப்புக் கார் ஒன்று இருந்தது. மகள் பாஸிலாவின் நிக்காஹுக்கு மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. காரோ, பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியிலிருந்து போர்ட்டிகோ முழுக்கக் கறுப்பாகச் சொட்டியது. அதைத் தேய்த்துக் கழுவியவர் மனைவி கமர்ஜஹான்.

கிதர் செம்பட்டிக்குப் போனார். சாமி காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, சுற்றிலும் ஊதாத் திரை கட்டினார்.

"எட்டிப் பாத்தா பார்வை போயிரும்!"

உள்ளே உடுக்கை ஒலித்தது. செத்த நேரத்தில் ஒரு சட்டி நிறைய கறுப்புத் திரவத்தோடு வெளியே வந்தார்.

"பாத்தியா அப்பு, அம்புட்டும் பொறாமை!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியில் பின்னால் ஏதோ முனகியது. பொறாமைக்காரனின் ஓலம் அப்படித்தான் கேட்கும் என்று சாமி முன்கூட்டியே சொல்லியிருந்தார். போர்ட்டிகோவில் அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. கிதர் காரை உறைபோட்டு மூடிவிட்டு, சாமி விற்ற 'அச்சுத் தைல'த்தை முட்டியில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கமர்ஜஹான் பிரியாணி மசாலா அரைத்து விற்கிறவர். பழைய மல்லி ஒரு பிடி கலந்தாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

"என்னங்க, காருக்கு அடியில போய்ப் படுத்தீங்களா?"

"தைலம் கமரு. மூலிகை."

"எந்த மூலிகை? நான் தேச்சுக் கழுவின கறை வாடை இது. அதே கந்தகம்."

"சாமியச் சந்தேகப்படாத. ஒழுகல் நின்னுச்சா இல்லியா?"

"குடத்துல தண்ணி தீந்தாலுந்தான் ஒழுகறது நிக்கும்."

கமர்ஜஹான், லாரி வைத்திருக்கும் தன் தம்பி சேக் பரீதை அழைத்தார். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றி விரலை விட்டார். விரல் காய்ந்தே வந்தது.

"மச்சான், சொட்டு ஆயில் இல்ல. இதுல மாப்பிள்ளைய ஏத்தினா நடுரோட்டுல சக்கரம் பூட்டிக்கிரும்."

கிதர் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "தோஷத்தோட ஆயிலும் சேந்து போயிருக்கும்."

"அதச் சாமிகிட்டயே கேட்ருவோம்" என்றார் கமர்ஜஹான்.

அடுத்த ஞாயிறு மூவரும் பஸ் ஏறினார்கள். வரிசையில் முதலில் நின்றது பாலசமுத்திரத்துத் தென்னந்தோப்புக்காரர் நாச்சிமுத்துவின் கார்.

"அண்ணே, உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒருக்கா விரல் விட்டுப் பாருங்க" என்றார் கமர்ஜஹான் அவரிடம்.

பரீது மூடியைத் திறந்தார். நாச்சிமுத்துவின் விரல் எண்ணெயில் நனைந்து வந்தது. பிறகு திரை, உடுக்கை, சட்டி.

"இப்ப மறுபடி பாருங்கண்ணே" என்றார் கமர்ஜஹான்.

சாமி துள்ளினார். "அமாவாசை வரைக்கும் அச்சத் தொடக்கூடாது! தொட்டவன் கை வெளங்காது!"

நாச்சிமுத்து கையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டார். கூட்டம் பின்வாங்கியது. கிதருக்கு மாப்பிள்ளையும் நடுரோடும் நினைவுக்கு வந்தன.

"என் கை போனாப் போகுது" என்று குனிந்து விரலை விட்டார்.

விரல் காய்ந்திருந்தது. கை நன்றாகவே விளங்கியது.

நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சாமி, தோசம் போச்சு, சரிங்க. எண்ணெ எங்கீங்க போச்சு?"

"அது... ஆவியாயிருச்சு."

கமர்ஜஹான் சட்டியை முகர்ந்தார். "இந்த வாரத்து ஆவி இங்க இருக்கு. போன வாரத்து ஆவி எங்க வீட்டுல பாட்டில்ல இருக்கு."

பரீது திரையை இழுத்தார். பள்ளத்தில் ஸ்பேனர், புனல், வரிசையாகத் தைலப் பாட்டில்கள். கூட்டம் முழுக்கக் குனிந்து தத்தம் முட்டியைப் பார்த்தது.

"அப்ப எனக்கு வலி கொறஞ்சுச்சே?" என்றார் ஒரு பெரியவர்.

"உங்களுக்கு சர்வீஸ் முடிஞ்சிருச்சுய்யா" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

சாமி அந்தச் சிரிப்புக்குள் நழுவிப் பழனி பஸ்ஸைப் பிடித்தார். தப்பிக்கும்போது அவர்கூட ஆயில் ஊற்றிய வண்டியைத்தான் நம்பினார். நாச்சிமுத்து சட்டியிலிருந்த பொறாமையை வடிகட்டித் தன் காருக்கே திரும்ப ஊற்றிக்கொண்டார்.

கிதரின் காருக்கு வந்த நோய் சின்னது. அச்சின் மேலிருக்கும் மூச்சுத் துளையைச் சேறு அடைத்திருந்தது. ஓட ஓட உள்ளே சூடான காற்று, போக வழியில்லாமல், தேய்ந்த சீல் வழியாக ஆயிலைத் தள்ளியது. பரீது துளையைக் குத்திவிட்டார், சீலை மாற்றினார், ஆயில் ஊற்றினார். மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்கினார்.

விருந்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் கிதரின் காதைக் கடித்தார். "ரேடியேட்டர் சூட்டுக்கு ஒட்டன்சத்திரத்துல ஒருத்தர் மந்திரிக்கிறாராம், சாச்சா..."

கிதர் சிரித்தார். "கார்ல உள்ள ஆயில் இருக்கான்னு பாக்க ஒரு மூடி வச்சிருக்கான், தம்பி. நம்ம தலைக்கு அப்படி எதுவும் வைக்கல. நாலு கேள்வி கேட்டாத்தான் உள்ள ஏதாச்சும் இருக்குன்னு வெளிய தெரியும்."