பல்லுக்கு இது எதற்கு?

பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டு தவறாமல் முளைக்கும் ஓர் இனம் உண்டு. இந்த இனத்தைப் பொறுத்தவரை மனிதனுக்கு உடம்பு கிடையாது. முப்பத்திரண்டு பல் மட்டும்தான். முதலாண்டில் உயிர்வேதியியல், உடலியங்கியல், உடற்கூற்றியல் என்று யார் வந்து பலகையில் எதை எழுதினாலும், கடைசி பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "பல்லு பிடுங்கப் போறவனுக்குக் கல்லீரல் எதுக்குடா?" என்று பக்கத்தில் இருப்பவன் காதைக் கடிக்கும்.

நாம் பார்க்கப்போகிறவனுக்கு வகுப்பில் 'எதுக்கு' என்றே பெயர். சீனியர்கள் குறித்துக்கொடுத்த பத்துக் கேள்விகளை நெட்டுருப் போடுவான், விடைத்தாளில் கொட்டுவான், வெளியே வந்ததும் மறந்துவிடுவான். மறந்ததில் பெருமை வேறு. பாடங்களைப் பற்றி மாணவர் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் வந்தபோது, மற்றவர்கள் கட்டங்களில் டிக் அடித்துவிட்டு நழுவ, இவன் மட்டும் பின்பக்கமும் நிரப்பி, முதலாண்டையே எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னான். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வு வந்தது. நோயாளியை மாணவனே தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. 'எதுக்கு' தன் சித்தப்பாவைக் கூட்டிவந்தான். பேருந்து ஓட்டுநர். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. அண்ணன் மகன் கையால் ஊசி போட்டுக்கொள்வதில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மரத்துப்போக ஊசி போட்டான். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"டேய், இந்தக் கண்ணு மூட மாட்டேங்குதுடா."

பார்த்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது இமை அசையவே இல்லை.

"பல்லுக்குத்தானே ஊசி போட்ட? பல்லுக்கும் கண்ணுக்கும் என்னடா சம்பந்தம்?"

இத்தனை வருடங்களாக அவன் ஊரைக் கேட்ட கேள்வி. சித்தப்பாவின் வேலையும் அதை நம்பியிருக்கும் குடும்பமும் கண்முன் வந்தன. தேர்வு போனால் போகட்டும், இந்த இமை இறங்கினால் போதும் என்று தோன்றியது.

தேர்வாளர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன் இப்படி ஆச்சு? சொல்லுப்பா."

பத்துக் கேள்விகளிலும் தேடினான். இல்லை.

"சரியாயிடுமா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

"அதை நீதானே அவருக்குச் சொல்லணும்?" என்றவர், சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க. ஊசி கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு. காதுக்கு முன்னாடி இருக்கற எச்சில் சுரப்பிக்குள்ள மருந்து இறங்கியிருக்கு. கண்ணை மூட வைக்கற நரம்பு அதுக்குள்ளதான் ஓடுது. சில மணி நேரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் கண்ணு காயாம கட்டி வைக்கறேன். இன்னிக்கு வண்டியைத் தொடாதீங்க."

சாயங்காலம் இமை இறங்கியது. 'எதுக்கு' ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு எழுதினான். திருந்திவிட்டானா என்கிறீர்களா? அந்த ஒரு நரம்பை மட்டும் அக்குவேறு ஆணிவேறாகப் படித்து வைத்திருக்கிறான். கல்லீரல் எதுக்கு என்று இன்னமும் கேட்கிறான்.

சிரிக்கிறீர்கள். சந்தோஷம். அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று தேர்வாளர் அம்மா சொன்னாரே, நினைவிருக்கிறதா? அல்லது, கண் மூடியதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், நமக்கு எதற்கு என்று அந்த வரியைத் தாண்டி வந்துவிட்டீர்களா? மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.