எல்லோரும் பார்த்த விமானம்

பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் அறிவழகன் என்ற என் பெயரை அரசாங்கம் எப்போதோ பறிமுதல் செய்திருக்கும். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்த கட்சிப் பேச்சாளர் ஒருவர், கைக்குழந்தையாக இருந்த என்னை மேடையில் தூக்கி வைத்துக்கொண்டு சூட்டிய பெயர் அது. (பதிலுக்கு நான் அவர் துண்டை நனைத்துவிட்டதாகக் கேள்வி.) அந்தப் பெயரோடு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, மன்னார்குடியில் ஒரு பட்டறையில் வேலைக்கும் சேர்ந்தபின், இளவயதின் எல்லாக் கிறுக்குகளையும் ஒன்றாகத் திரட்டி நான் செய்த காரியம், ஊரில் ஒரு விமானம் கட்டியது.

சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

எங்களுடையது பண்ணைக்கு நடவு நட்ட குடும்பம். சின்ன வயதில் நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். எப்போதாவது மேலே விமானம் போகும். "அம்மா, பாரும்மா, பாரு" என்று கத்துவேன். சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருக்கும் அம்மா நிமிர மாட்டாள். வரப்பில் பண்ணையின் காரியக்காரர் குடையோடு நிற்பார். வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவருக்கு, நிமிர்கிற முதுகெல்லாம் பகை.

"நிமிந்தா வைவாருடா. நீ நல்லா பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்பாள்.

நான் பார்த்துச் சொல்வேன். வெள்ளையா இருந்துச்சும்மா, வாலு இருந்துச்சும்மா, சத்தம் பின்னாடியே ஓடி வந்துச்சும்மா. அம்மா நாற்றை ஊன்றிக்கொண்டே, "அப்படியா?" என்பாள். அவள் தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறக்க வேண்டும், அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். மீசை முளைத்த பிறகும் அது என்னை விடவில்லை.

கூத்தாநல்லூரில், மலேயா போய் வந்த ஒருவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் கிடந்தது. அவர் கையைக் காலைப் பிடித்து அதன் எஞ்சினை வாங்கி வந்தேன். உடம்பு மூங்கில். சக்கரம் மொபெட்டுடையது. இறக்கைக்குக் காடாத் துணி. அதை அளந்து தைத்துக் கொடுத்தவள் என் மாமன் மகள் தமிழரசி. துணி விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தோம். வார்னிஷ் அடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பசு வந்து இடது இறக்கையைப் பாதிக்கு மேல் நக்கிவிட்டது. தமிழரசி மறுபடி தைத்தாள். என்மேல் அவளுக்கு இருந்த பிரியத்தை நான் அப்போது தையல் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் ஓட நீளமான தரை வேண்டுமே? அதுவும் கிடைத்தது. ஊருக்குத் தெற்கே பல வயல் சேர்ந்த பெரிய தாக்கு, பண்ணைக்கும் குத்தகைக்காரர்களுக்கும் வழக்கில் மாட்டி, உழுவாரில்லாமல் கிடந்தது. மாடு மிதித்து மிதித்து உள்வரப்பெல்லாம் கரைந்து, தரை களம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் தாசில்தார் முன்னால் பேசி முடித்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நிலத்தை இரண்டாகப் பிரித்து அவரவர் உழுதுகொள்வது. அதுவரை எந்த ஏரும் எந்த உழவு மிஷினும் உள்ளே இறங்கக் கூடாது. சர்வேயர் வந்து நடுவில் ஒரு கல்லும் நட்டுவிட்டுப் போனார். கல் தங்களுக்கு எதிராக நடப்பட்டிருக்கிறது என்று இரண்டு தரப்பும் அடித்துச் சொன்னது.

மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் என் ஓடுதளம் வயலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பறப்பது, அதை விட்டால் இல்லை என்று ஆனது.

சனிக்கிழமை மாலை ஊரில் ஆளுங்கட்சிக் கூட்டம். மைக் போட்டதும் கரண்ட் போய்விட்டது. கட்சிக்காரர்கள் நேராக என்னிடம் வந்தார்கள்.

"தம்பி, ஏரோப்ளேன் நாளைக்குத்தான பறக்குது? பேட்டரி இன்னைக்குச் சும்மாதான கெடக்கு?"

மறுத்திருப்பேன். ஆனால் பேச வந்திருந்தவர் எனக்குப் பெயர் வைத்த அதே பேச்சாளர். நன்றி மறப்பது நன்றன்று என்று கழற்றிக் கொடுத்தேன். அவர் நிலவுடைமையின் கொடுமையில் ஆரம்பித்து, எதிர்க்கட்சியை ஒரு பிடி பிடித்து, மறுபடி நிலவுடைமைக்கு வந்தார். பேட்டரியில் ஒரு சொட்டு மின்சாரம் இருக்கும்வரை தமிழனின் மானம் குறையவில்லை. பெயர் வைத்தவரே உயிரையும் எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஊரே தாக்கைச் சுற்றி நின்றது. நான் கண்ணாடியெல்லாம் மாட்டிக்கொண்டு (கடன் வாங்கிய வெல்டிங் கண்ணாடி) பித்தானை அழுத்தினேன். எஞ்சின் 'டிக்' என்றது. அதோடு சரி. கையால் காற்றாடியைச் சுற்றியும் பயனில்லை. அது கார் எஞ்சின், பொறி விழவே பேட்டரி வேண்டும்.

பக்கத்தில் இருந்த ஒரே நல்ல பேட்டரி பண்ணை டிராக்டரில் இருந்தது. டிரைவர் முருகையன் நல்ல மனுஷன். வரப்புவரை ஓட்டி வந்துவிட்டார். அங்கே சிவப்புக் கொடியோடு குத்தகைக்காரர் சங்கத்துத் தலைவர் காத்தமுத்து அண்ணன் குறுக்கே நின்றார்.

"முருகையா, டிராக்டர் டயரு தாக்குல பட்டுச்சுன்னா பண்ணை உழுவ ஆரம்பிச்சிட்டதா அர்த்தம். தெரியுமுல்ல?"

"உழுவ வரலண்ணே. அறிவு ஏரோப்ளேனுக்குக் கரண்ட் குடுக்க வந்தேன்."

"இன்னைக்கு ஏரோப்ளேனும்ப. நாளைக்கு கலப்பையும்ப."

"அப்ப பேட்டரிய மட்டும் கழட்டித் தரட்டா?"

காத்தமுத்து அண்ணன் யோசித்தார். பேட்டரி டிராக்டரா, டிராக்டர் இல்லையா? அந்த வரப்பில் அன்று நடந்த விவாதத்தைச் சட்டசபையில் வைத்திருந்தால் நாட்டுக்கே பெருமை. பேட்டரி இல்லாமல் டிராக்டர் நகராது, ஆகவே பேட்டரிதான் டிராக்டரின் உயிர் என்றார் ஒருவர். அந்த உயிரால் தனியாக உழ முடியுமா என்றார் இன்னொருவர். வெயில் ஏறியது. கடைசியில் தீர்ப்பு வந்தது. பேட்டரி தனியாக உழாது, எனவே உள்ளே வரலாம். ஆனால் பண்ணை ஆள் தூக்கி வரக் கூடாது, சங்கத்து ஆள்தான் சுமக்க வேண்டும். முருகையன் கைவீசி நடந்து வரலாம்.

அப்படியே பேட்டரி ஊர்வலமாக வந்தது. பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த வெல்டிங் கேபிளை எடுத்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த என் செத்த பேட்டரியோடு டிராக்டர் பேட்டரியை இணைத்தேன். விமானம் நகராமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டை வைத்திருந்தது. காலையிலிருந்து முயன்ற வெறுப்பில் ஆக்ஸிலேட்டரை முழுசாக இழுத்து வைத்திருந்தேன்.

"அத்தான், உள்ள ஏறி உக்காந்துகிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் தமிழரசி.

"ஒனக்குத் தையல் தெரியும். எனக்கு எஞ்சின் தெரியும்" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொல்லியே இருக்கக் கூடாது.) ஏறி உட்கார்ந்தால் கேபிளை யார் கழற்றுவது என்பது என் கணக்கு. வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுப் பித்தானை அழுத்தினேன்.

எஞ்சின் உறுமியது. ஊர் கைதட்டியது. நான் பெருமிதத்தோடு கேபிளைக் கழற்றக் குனிந்தேன்.

முருகையன் டிராக்டருக்கு வருமுன் பல வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவர். எஞ்சின் சத்தம் கேட்டதும் சக்கரத்துக் கட்டையை எடுப்பது அவர் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஓடிப்போய்க் கட்டையை உருவினார். உருவிவிட்டு விமானத்தின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்! போலாம்!" என்றார்.

போய்விட்டது.

கேபிள் பிய்ந்து என் கையோடு வந்தது. நான் இல்லாமல் என் விமானம் தாக்கில் ஓடியது. பின்னாலேயே நானும் ஓடினேன். "நில்லு, நில்லு" என்று கத்தினேன், பஸ்ஸை விட்டவன் கத்துவதுபோல. எட்டிப் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வாலுக்கும் என் கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அந்த நேரத்தில் என் கால் எதிலோ மோதியது.

சர்வேயர் நட்ட கல். அது யாருக்கு எதிராக நடப்பட்டது என்று இன்றுவரை ஊரில் இரண்டு கருத்து உண்டு. எனக்குச் சந்தேகமே இல்லை.

குப்புற விழுந்தேன். வாயெல்லாம் மண். அப்போது பின்னாலிருந்து ஊரே ஒரே குரலில் "ஹோ" என்றது. அதுவரை அப்படி ஒரு சத்தத்தை எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. தலையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காட்டாமணக்குப் புதருக்குள்ளிருந்து வால் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

என் விமானம் பறந்தது. கல்லைத் தாண்டியதும் தரையை விட்டு எழும்பி, வாய்க்காலைக் கடந்து போய் விழுந்தது. சங்கத்தார் பார்த்தார்கள், பண்ணை ஆட்கள் பார்த்தார்கள், இடது இறக்கையை நக்கிய பசுவும் பார்த்திருக்கும். கட்டியவன் மட்டும் பார்க்கவில்லை. எவ்வளவு உயரம் என்று எல்லோரையும் கேட்டேன். முருகையன் தென்னை உயரம் என்றார். காத்தமுத்து அண்ணன் பனை என்றார். இரண்டு தரப்பும் எதிலும் ஒத்துப்போகாத காலம் அது.

பக்கத்து போர்செட் வயலில் அன்று நடவு. விமானம் எழும்பியபோது நடவாட்கள் அத்தனை பேரும் நாற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்துவிட்டார்களாம். காரியக்காரரும் குடையைத் தாழ்த்திவிட்டு அண்ணாந்து பார்த்தாராம், வைய மறந்துவிட்டாராம். அந்த வரிசையில் அம்மாவும் இருந்தாள். சேற்றுக் காலோடு ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நீ பாக்கலயாடா?"

தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"சரி, அழுவாத. நான் நல்லா பாத்தேன், சொல்றேன் கேளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெள்ளையா இருந்துச்சுடா. வாலு இருந்துச்சு. சத்தம் பின்னாடியே ஓடி வந்துச்சு."

அடுத்த வாரம் தண்ணீர் வந்தது, தாக்கை உழுதார்கள். எஞ்சினை முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் படகுக்கு வாங்கிக்கொண்டார். கிழியாமல் மிஞ்சிய வலது இறக்கையைத் தமிழரசி பிரித்துத் தலையணை உறையாகத் தைத்தாள். அந்த உறையோடு எனக்கே வாழ்க்கைப்பட்டாள்.

இப்போது வீட்டில் டிவியில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தாலும் சரி, மாடியில் எல்லோரும் கிரகணம் பார்த்தாலும் சரி, பேரப்பிள்ளைகள் முதலில் என் பக்கம் திரும்பி, "தாத்தா, குனியாதீங்க!" என்று கத்துவார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒருமுறை மகள் கூப்பிட்டு, நிஜ விமானத்திலும் போய் வந்தேன். ஜன்னல் ஓரம்தான். கீழே எந்த வயலிலும் யாரும் நிமிர்ந்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

அம்மா இருந்தவரை, கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் சொன்னாள். அவள் போன பிறகு தமிழரசியைக் கேட்கிறேன். "எத்தன தடவதான் சொல்றது?" என்று சலித்துக்கொண்டே சொல்ல ஆரம்பிப்பாள். நான் இறக்கையில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "அப்படியா?" என்பேன்.