நாற்பதாயிரம் சம்மட்டி அடி

கேரட் மறுபடியும் சுருங்கிவிட்டது.

அப்பா டீ குடிக்கப் போயிருந்த ஐந்து நிமிடத்தில் அகிலா ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். தறிக்கு மேலே, சேலைக்குப் பூவேலை எடுக்கிற ஜக்கார்டு பெட்டியின் ஓரத்தில், சார்ஜரோடு அவள் கட்டிவைத்த போன். திரையில் சம்மட்டி பிடித்த கொல்லன். அதற்கு மேலே நூலில் தொங்கும் கேரட் துண்டு. கீழே அப்பா மிதியை அழுத்தினால் பெட்டியின் நெம்புகோல் தாழும், அதில் கட்டிய கேரட் இறங்கித் திரையைத் தொடும், கொல்லன் ஓர் அடி அடிப்பான். விரலுக்கு மட்டுமல்ல, கேரட்டுக்கும் திரை மயங்கும் என்று யாரோ வீடியோ போட்டிருந்தார்கள்.

அந்த விளையாட்டில் அவள் கற்றுக்கொண்டிருந்தது வாள் அடிக்கிற தொழில். தேர்ந்த கொல்லனாக நாற்பதாயிரம் அடி. இரண்டாயிரத்திலேயே அவள் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

"ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குள்ள முடிக்கலன்னா வேற ஆள போட்டுக்குவோம்பா" என்று விளையாட்டுக் குழுத் தலைவி சுகாசினி சொல்லிவிட்டாள். பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம். அங்கே அகிலாவோடு பேசுகிறவர்கள் அந்தக் குழுவின் நாலு பேர்தான்.

அப்பா கலியாணசுந்தரமோ, பாவின் நெட்டிழைகளில் ஒன்று அறுந்தால் சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்கிறவர். அவர் தறியில் கேரட் கட்டியிருக்கிறாள். போன் போனால்கூடப் பரவாயில்லை. அதில் நெய்கிற முகூர்த்தச் சேலையில் ஒரு பிசிறு விழுந்தால்?

புதன்கிழமை தடியான கேரட்டாகப் பார்த்துக் கட்டினாள்.

"குருமாவுக்கு வச்ச கேரட்டு எங்கடி?" என்றாள் அம்மா அம்சவேணி.

"பசிச்சிச்சி, தின்னுட்டேம்மா."

"பச்சையாவா?"

அன்றிலிருந்து அவள் தட்டில் இரண்டு வேளையும் கேரட் பொரியல்.

வியாழக்கிழமை தடி கேரட்டைத் தேடி எலி வந்தது.

"அம்சா, தறிமேல கேரட்டு தூளு கெடக்குது பாரு" என்றார் அப்பா.

"எலி இழுத்தாந்திருக்கும். பட்டுல வாய வச்சிடப் போவுது." அம்மா ஓடிப்போய் பக்கத்து வீட்டுப் பட்டம்மாளின் பூனையைத் தூக்கி வந்து தறிக்காலில் கட்டினாள்.

பூனை எலியைத் தேடவில்லை. அண்ணாந்து, மேலே ஆடுகிற கேரட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா பூனையைப் பார்த்தார். பிறகு பூனை பார்த்த இடத்தைப் பார்த்தார்.

அகிலா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டார். பழைய வேட்டியால் தறியை மூடிவிட்டு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டார்.

பார்த்தாரா, பார்க்கவில்லையா? அதன்பிறகு அவள் தறி அறைப்பக்கமே போகவில்லை. போனை எடுக்கக்கூட.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெங்கடேசன் வந்தார். பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துக் கொடுக்கிறவர். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்திக் காதில் என்னவோ சொன்னார். வெங்கடேசன் எட்டி ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இழை கெட்டுவிட்டது, அதற்குத்தான் ஆள் வந்தது என்று அகிலா முடிவு செய்தாள். அதற்கேற்ப தறிச் சத்தமும் மாறியது. டக், டக் என்று இருந்தது, டக்டக்டக் என்று கோபமாக ஓடியது.

சனிக்கிழமை அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஆடவில்லை, அவர்கள் வீட்டைத் தவிர.

"அமாவாசை அன்னிக்கி எவனாவது தறில எறங்குவானா?" அம்மா கத்தினாள்.

"நீ போய் வடைய சுடு."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி வந்தாள். "மறுபடியும் கேரட்ட காணோம். ஏண்டி, நீ என்ன முயலா?"

"இந்த வாட்டி சத்தியமா நான் இல்லமா."

யாரும் நம்பவில்லை. எலி அடுப்படிக்கும் வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். பாழாய்ப்போன சேலையை ஈடுகட்டத்தான் அப்பா நாள் கிழமை பார்க்காமல் உழைக்கிறார். வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிறு மாலை ஐந்தரை மணி. சுகாசினி போனால் போகட்டும். அகிலா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். நூலை வெட்டிவிட்டு, அப்பா காலில் விழுந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. உள்ளே டக்டக்டக் நிற்கவில்லை. நாலு முறை கதவுவரை போய் நாலு முறையும் திரும்பினாள்.

அப்போது வாசலில் வெங்கடேசன், அக்குளில் பாவு மூட்டையோடு. பயத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா, சேல ரொம்ப கெட்டுப்போச்சா?"

"சேலையா? அத வெள்ளிக்கெழமையே நெஞ்சு முடிச்சி அறுத்து குடுத்தாச்சேமா. நான் மூணாவது வாட்டி வரேன், உங்கப்பா வெறுந்தறிய மிதிச்சிக்கினு, 'எம்பொண்ணுக்கு இன்னும் அடி பாக்கி இருக்குது, முடியட்டும், அப்பறம் வந்து பாவு பிணை'ன்னு தொரத்துறாரு."