வராந்தாவில் வளர்ந்த கல்வி

உலகில் எத்தனையோ கல்வி முறைகள் தோன்றின, மறைந்தன. இனி மறையாமல் நிற்கப்போவது எங்கள் தொடக்கப் பள்ளியின் 'வராந்தா முறை' ஒன்றுதான். அந்த வராந்தாவில் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

முறை எளியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, பட்டமும் பயிற்சியும் இருபதாண்டு அனுபவமும் பெற்ற ஆசிரியை வகுப்புக்குள் பாடம் நடத்துவார். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளையை வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், என்னிடம் ஒப்படைப்பார்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். பதவி, 'கற்பித்தல் உதவியாளர்'. தலைவலிக்காரர்களைப் பெரிய டாக்டரும், உயிருக்குப் போராடுபவர்களை வாட்ச்மேனும் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு முற்போக்கு.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவள் மூன்றாம் வகுப்பு 'நத்தை'. முதுகிலிருந்து பையை இறக்கவே மாட்டாள் என்று வராந்தா வழியே போகிற வருகிற ஆசிரியர்கள் வைத்த பெயர் அது. இறக்கி வைக்க அவளுக்கு ஒரு பெஞ்சும் கிடையாது என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தேவையில்லாத விவரம். அவள் வருகையை நான் துண்டுச் சீட்டில் எழுதிக் கதவு வழியாக நீட்டுவேன். ஆசிரியை தலை நிமிராமல் வாங்கிக்கொள்வார். இதற்கு 'நேர மேலாண்மை' என்று பெயர்.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு இது இரண்டாம் ஆண்டு. இந்த முறை பள்ளியைப் பார்வையிட வரும் ஆய்வாளர் முன்னால் ஒரு பக்கம் வாசிக்காவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கு இறக்குவதாக முடிவாகியிருந்தது. துணி தேய்க்கும் கடையில் வேலை செய்யும் அவள் அம்மா, சூடுபட்ட விரலை ஊதிக்கொண்டே என்னைத் தேடி வந்தார்.

"இவ தங்கச்சி ஒண்ணாம் வகுப்புல இருக்கா டீச்சர். அவ பக்கத்துல கொண்டுபோய் உக்கார வெச்சா, இவ மறுநாள்லேர்ந்து வரமாட்டா. எனக்குத் தெரியும்."

உதவியாளரை 'டீச்சர்' என்று அழைக்கக் கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறது என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றார்.

பாடப் புத்தகம் நத்தைக்குப் பிடிக்கவில்லை. செருப்பு அலமாரி பிடித்தது. வகுப்புக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, தங்கள் பெயர் ஒட்டிய தட்டில் வைக்க வேண்டும். நாற்பது தட்டு, நாற்பது பெயர். அதைக் கொண்டுதான் எழுத்துகளைப் பிடித்தோம். ஆறு மாதத்தில் நாற்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்துகொண்டாள். அவளுக்குத் தட்டு இல்லை. உள்ளே போகாதவள் செருப்பை ஏன் கழற்ற வேண்டும்? அங்கிருந்து புத்தகத்துக்குத் தாவினாள். ஆனால் வேறு யாராவது எட்டிப் பார்த்தால் போதும், வாயைப் பூட்டிக்கொள்வாள்.

ஆய்வுக்கு முதல் நாள் தலைமையாசிரியர் கூட்டம் போட்டார். வராந்தா 'தூய்மையாக' இருக்க வேண்டும், உதவியாளர்கள் கண்ணில் படக் கூடாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்:

"தப்பா எடுத்துக்காதம்மா. நாளைக்கு ஒரு நாள், பாக்குறதுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்."

ஆகவே மறுநாள் நான் சாமான் அறையில் காகித நட்சத்திரம் வெட்டினேன். நத்தை, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் வகுப்புக்குள் அனுப்பப்பட்டாள்.

கால் மணி நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குழந்தை வழிதவறி மூன்றாம் வகுப்புக்குள் வந்துவிட்டதாம். முதுகில் பை, காலில் செருப்பு. பெயர் சொல்ல மறுக்கிறாளாம். பெற்றோர் உடனே அலுவலகத்துக்கு வரவும்.

கத்திரிக்கோலும் கையுமாக ஓடினேன். அலுவலகத்தில் தலைமையாசிரியர் இருந்தார், ஆய்வாளர் இருந்தார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை நத்தையின் தலையைக் கோதியபடி, வீடு எங்கே கண்ணு என்று அன்பொழுக விசாரித்துக்கொண்டிருந்தார். செருப்போடு உள்ளே நின்ற பிள்ளை தன் வகுப்பைச் சேர்ந்தவளாக இருக்க முடியாது என்பது அவருடைய கணிப்பு. இருபதாண்டு அனுபவம்.

"டீச்சர், இவ உங்க கிளாஸ்தான். ரெண்டு வருஷமா."

ஆசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியா? நல்லா வளர்ந்துட்டா."

ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு புத்தகத்தை நீட்டினார். நத்தை வாயைத் திறக்கவில்லை. தலைமையாசிரியர் பேனாவை எடுத்துப் படிவத்தில் 'ஒன்றாம் வகுப்பு' என்ற கட்டத்தைத் தேடினார். அப்போது அவள் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடத்தை வாசித்தாள். 'நீராவி'யில் ஒருமுறை தடுக்கினாள். அந்தச் சொல்லுக்கே திரும்பி வந்து சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனாள். பக்கம் முடிந்தது.

எப்படிச் சாதித்தீர்கள் என்று ஆய்வாளர் ஆசிரியையைக் கேட்டார். ஆசிரியை அடக்கத்தோடு கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"தனிக் கவனம் சார்."

அடுத்த வாரக் கூட்டத்தில் ஆசிரியைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. கத்திரிக்கோலுடன் ஆய்வாளர் கண்ணில் பட்டதற்காக என்னிடம் எழுத்துமூல விளக்கம் கேட்கப்பட்டது. நத்தை நான்காம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாள். அவள் அம்மா ஆசிரியையிடம் போய்க் கைகூப்பினார். ஆசிரியை மறுக்கவில்லை.

புதிய ஆண்டின் முதல் நாள் நத்தை புதுச் செருப்போடு வந்தாள். நான்காம் வகுப்பு வாசலில் அதைக் கழற்றி, தூசி தட்டி, கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்காம் வகுப்பு ஆசிரியர் கடமை தவறாதவர். ஆய்வறிக்கையை முழுவதும் படித்திருந்தார். அதில் ஆய்வாளர் தம் கைப்பட எழுதியிருந்தது: 'இம்மாணவி வராந்தாவில் மிக நன்றாக வாசிக்கிறாள்.' அதிகாரபூர்வமான பரிந்துரையை மீற அவருக்கு மனம் வரவில்லை. அவளோடு இன்னும் ஐந்து பேரையும் சேர்த்து வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டார்.

நத்தை செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"பாஸானா உள்ள விடுவாங்கன்னு சொன்னீங்களேக்கா?"

இத்தகைய கேள்விகளுக்கு உதவியாளர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையில் இல்லை. அதனால் நானே சொன்னேன்.

"நீ பாஸாயிட்ட கண்ணு. இன்னும் பாஸாகாதது அவங்கதான்."

அதையும் மெதுவாகத்தான் சொன்னேன். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது.