மாமனாரின் மீசையும் கறுத்த பலகையும்

கனகராயன்குளத்தில் ஆண்டியப்பன் ஒரு முடிவெடுத்தால், குளத்து மீனே தலையை வெளியே நீட்டி, இந்தமுறை என்ன கோதாரியோ என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும். கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருசம் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற மனிசன். இப்போது கம்பியூட்டரில் படம் திருத்துவதுதான் பொழுதுபோக்கு. ஊராருடைய பிறந்தநாள் படங்களில் பின்னுக்கு நிற்கும் மாட்டை அழித்து, அந்த இடத்தில் நீர்வீழ்ச்சி வைத்துக் கொடுப்பார். ஒருமுறை வால் மட்டும் அழிபடாமல் நீர்வீழ்ச்சியில் தொங்கியது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தமுறை வேலை பெரியது. மாமனார் கணபதியாரின் படம். இடம்பெயர்ந்த காலமெல்லாம் அரிசிப் பைக்குள் அலைந்து, மழையில் ஊறி, மீசையில் இடது பாதி போய்விட்ட ஒரேயொரு படம். அதைச் சரியாக்கினால் திவசத்துக்குப் பெரிதாக்கி மாட்டலாம் என்று கனடாவில் இருக்கும் மனைவியின் அக்கா கேட்டிருந்தா. திவசத்துக்குப் பத்தே நாள்.

"மௌசாலை மீசை கீறுறது, மண்வெட்டியாலை கண்ணுக்கு மை பூசுற மாதிரி, ஞானம்," என்றார் மனைவி ஞானேஸ்வரியிடம். "பேனையாலை கீறுற பலகை ஒண்டு வேணும்."

"அப்ப வாங்குங்கோ. மலிஞ்சதா வாங்குங்கோ."

அந்த இரண்டாவது வசனம்தான் மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. கிளிநொச்சிக் கடையில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று திரை உள்ளது. பேனை படும் இடத்திலேயே படம் தெரியும். அதைக் கண்டதும் ஆண்டியப்பனுக்குப் பொம்பிளை பார்க்கப் போன நாள் நினைவுக்கு வந்தது. மற்றது வெறும் கறுத்த பலகை, தோசைக்கல்லின் தங்கச்சி. அதில் கீறினால் கோடு எதிரே கம்பியூட்டர் திரையில் விழும். கை கீழே, கண் மேலே. விலை மட்டும் மற்றதில் ஆறில் ஒன்று.

"ஐயா கனகராயன்குளமோ?" என்று விசாரித்தபடி கடைக்காரன் கிருபன் பலகையை எடுத்து வைத்தான். "தொடக்கத்துக்கு இது காணும். சரிவராட்டி ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்கோ. மிச்சக் காசைத் தந்து மற்றதை எடுக்கலாம். கறை, கீறல் மட்டும் இருக்கக்கூடாது."

ஆண்டியப்பனின் தலைக்குள் அரிசி ஆலை ஓடத் தொடங்கியது. மலிந்ததை வாங்குவது. அதில் கீறவே ஏலாது என்று மனைவியின் கண்முன்னே நிரூபிப்பது. அப்பாவின் மீசை படும் பாட்டைப் பொறுக்காமல், திரை உள்ளதை வாங்குங்கோ என்று அவாவே கெஞ்சுவா. பஸ்ஸில் மனிசன் தனியாகச் சிரித்த சிரிப்பில், வவுனியாவுக்கு ரிக்கற் எடுத்திருந்த பக்கத்துச் சீற்றுக்காரர் பாதிவழியில் மாங்குளத்திலேயே இறங்கிவிட்டார்.

வீட்டில் ஞானேஸ்வரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தா.

"புதுச் சாமான். ஒரு பொட்டு வைப்பம்."

"வேண்டாம், கறை பிடிக்கும்."

"தண்ணிப் பம்புக்கு மாலை போட்டனீங்கள். சைக்கிளுக்கு ரியூப் மாத்தினதுக்கே தேசிக்காய் வெட்டினனீங்கள். இதுக்குப் பொட்டு வேண்டாமோ?"

"இது நுட்பமான சாமானப்பா."

அவா சரியென்று தலையாட்டினா. கிண்ணத்தோடு திரும்பிப் போனா. முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியவர் பயப்பட வேண்டிய இடம் அது. சந்தோசத்தில் தவறவிட்டார்.

முதல்நாள் மீசையை மூக்குக்கு மேலே ஏற்றினார். இரண்டாம் நாள் காதுக்குள் விட்டார். மூன்றாம் நாள் கணபதியார் கடுவன் பூனையாகிவிட்டார். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. நான்காம் நாள், ஒருக்கால் ஒழுங்காகக் கீறித்தான் பார்ப்பமே என்று ஒரு ரோசம் வந்தது. மீசை நேரே நெற்றிக்குப் போனது. கை போன பக்கம் கண் போனது. கண்ணைப் பிடித்துத் திரைக்கு இழுத்தால், பேனை பலகையை விட்டிறங்கி மேசைவிரிப்பில் உழுதது. ஐந்தாம் நாள் வேர்த்து விறுவிறுத்து, அவர் சொல்லவிருந்த பொய்யெல்லாம் உண்மையாகிவிட்டது.

ஆறாம் நாள் பின்னேரம் ஞானேஸ்வரி ரீவிக்கு முன்னால் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா.

"உம்மடை அப்பான்ரை கதியைப் பாரும், ஞானம்."

"ம்."

"கை ஒரு இடம், கண் ஒரு இடம். மனிசராப் பிறந்த ஆருக்கும் இது ஏலாது."

"ஆருக்கும் ஏலாதோ?"

"ஆருக்கும் ஏலாது. சத்தியமாச் சொல்லுறன்."

நாடகத்தில் ஒரு மாமியார் பாலுக்குள் நஞ்சு கலந்துகொண்டிருந்தா. ஞானேஸ்வரியின் கண் அந்தப் பாலில். கையோ கீழே தேங்காய்ப் பாதியைத் திருவலைப் பல்லில் சுழற்றிக்கொண்டிருந்தது. பூப் பூவாக விழுந்தது. சிரட்டைத் தூள் ஒன்றுகூட இல்லை. ஆண்டியப்பன் அதைப் பார்த்தார். பார்த்தது விளங்க அவருக்கு ஒரு நிமிசம் பிடித்தது. அதற்குள் அவா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "எழும்புங்கோ," என்று கதிரையைப் பிடித்துவிட்டா.

பலகையை ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. மீசை மயிர் மயிராக இறங்கியது.

"அப்பா இடப்பக்கத்தைத்தான் கூட முறுக்கிவிடுறவர்," என்று சொல்லி, நுனியை ஒரு சுழி சுழித்துவிட்டா.

கணபதியார் முழு மீசையோடு மருமகனைப் பார்த்தார். கலியாணத்தன்று பார்த்த அதே பார்வை.

"வடிவாத்தான் இருக்கு," என்றார் ஆண்டியப்பன். "எண்டாலும் மாத்துறதுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள்…"

ஞானேஸ்வரி எழும்பிப் போய்ச் சந்தனம் குழைத்துவந்தா. பலகையின் மேல் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பொட்டு. அதற்கு மேல் குங்குமம்.

"கறை பிடிச்சா எடுக்கமாட்டம் எண்டு கிருபன் அண்டைக்கே போன்ல சொன்னவன். என்ரை சின்னம்மான்ரை பேரனெல்லோ. நீங்கள் மற்றதைத் தடவித் தடவிப் பாத்ததையும் சொன்னவன்."

ஆண்டியப்பன் பொட்டைத் துடைக்க விரலை நீட்டினார்.

"கறிக்கு இன்னும் பால் எடுக்கேல்லை. மிச்சப் பாதியைத் திருவுங்கோ. நான் அம்மான்ரை படத்தையும் திருத்திப் பாக்கிறன்."

மனிசன் திருவலையில் குந்தினார். ரீவியில் மாமியார் பாலை நீட்டினா. மருமகள் குடித்தாளோ என்று தலையை நிமிர்த்தினார். பெருவிரல் பல்லில் போனது.

"தேங்காயைப் பாருங்கோப்பா," கம்பியூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஞானேஸ்வரி சொன்னா. "கை ஒரு இடம், கண் ஒரு இடம் ஏலாதெண்டு சத்தியம் பண்ணினது நீங்கள்தானே."