பெட்டிக்குள் பெட்டி வைத்த ரிப்பேர்ப் பிரியர்

ஒரு மனிதரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசப் போகிறேன். புறம் பேசுவது எங்கள் மார்க்கத்தில் பெரிய பாவம். ஆகையால் அவர் செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டால் அல்லாஹ் மன்னிப்பான்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் எனக்கு ஒரு சின்ன எம்பிராய்டரி கடை. சிப்காட் கம்பெனிகளின் சட்டைப் பையில் பெயரும் சின்னமும் பின்னிக் கொடுப்பது தொழில். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, பழவேற்காட்டில். தமிழ் நன்றாக வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தால் தெரியும், கூட்டமாக நின்றால் தெரியாது. கம்ப்யூட்டரில் எதையாவது திறக்க வேண்டுமானால், "கிரேஸு, கண்ணாடி எடுத்தாற மறந்துட்டேன், அது இன்னான்னு பாரும்மா" என்று மிஷின் ஓட்டும் கிரேஸைக் கூப்பிடுவேன். அந்தக் காலத்தில் எனக்குக் கண்ணாடியே கிடையாது. நான் பேசப் போகிற மனிதர் பூவராகவன் காதில் இரண்டு தடவை இது விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் திரையில் இருந்த ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தமிழ் இருந்தது. 'சட்டை', 'பேர் எழுத', 'அணைக்க'. அன்றோடு எனக்குக் கண்ணாடி மறப்பது நின்றுவிட்டது.

நல்லதைச் சொல்லியாயிற்று. இனி விஷயத்துக்கு வருவோம்.

ரிப்பேர்க்காரர் என்று ஒருவர் உண்டு. கெட்டதைச் சரிசெய்வார், கூலி வாங்குவார், போய்விடுவார். நான் சொல்வது அவரை அல்ல. ரிப்பேர்ப் பிரியர் என்று வேறோர் இனம் இருக்கிறது. இவருக்குக் கூலி வேண்டாம், டீயும் நீங்கள் வற்புறுத்தினால்தான். இவருக்கு வேண்டியதெல்லாம் கெட்டுப்போன ஒரு பொருள். அது கிடைக்காவிட்டால், நன்றாக ஓடுகிற ஒரு பொருள்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மைக் செட்டுக்காரரை நகரச் சொல்லிவிட்டு ஒயரை உருவிப் பார்ப்பவர், துக்கம் கேட்க வந்த வீட்டில் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இது ரெண்டு மாசம் தாங்காது" என்று சொல்லி எழுந்திருப்பவர், பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து கியர் சத்தத்துக்கு முகம் சுளிப்பவர், இவர்களெல்லாம் அந்த இனம்தான். சட்டைப் பையில் பேனா இருக்காது. டெஸ்டர் இருக்கும்.

பூவராகவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எங்கள் கடைக்குப் பின் தெருவில் குடியிருந்தார். உள்ளே வந்தால் வணக்கம் கிடையாது. நேரே கம்ப்யூட்டர் பெட்டியிடம் போய், டாக்டர் நெஞ்சில் காது வைப்பதுபோல் தலையைச் சாய்ப்பார்.

"அக்கா, சவுண்டு மாறியிருக்குதே."

"நேத்தும் இதே சவுண்டுதான் தம்பி."

"நேத்தே மாறியிருக்கும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

அவர் மனைவி சத்யா என்னிடம் சொன்னாள்: "எங்க ஊட்ல மிக்சி, ரேடியோ, இஸ்திரிப் பொட்டி எல்லாத்துக்கும் மூடி ஒரு எடம், உள்ள இருக்கறது ஒரு எடம். எங்க மாமியாரு முட்டி வலின்னு சொல்றதுக்கே பயப்புடுறாங்கக்கா."

இப்படிப்பட்டவர் கையில் என் கம்ப்யூட்டர் எப்படிப் போயிற்று? வைரஸால். கம்பெனிக்காரர்கள் சின்னத்தைப் பென் டிரைவில் கொண்டு வருவார்கள். சின்னம் ஒன்று வரும், கூடவே பத்து வைரஸ் வரும். மாதம் ஒருமுறை எல்லாம் அழிந்துபோகும். பூவராகவன் ஒரு நாள் கண்கள் மின்ன வந்தார்.

"லினக்ஸுன்னு ஒண்ணு கீதுக்கா. டப்பு கெடயாது. வைரஸு வராது. உலகத்துல இருக்கற நல்லவங்கல்லாம் சேந்து எழுதி சும்மா குடுத்திருக்காங்க."

சும்மா கொடுக்கிறார்கள் என்றதும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. "நம்ம டிசைன் சாஃப்ட்வேரு அதுல ஓடுமா?"

"ஓடாது."

"அப்புறம்?"

"லினக்ஸுக்குள்ள ஒரு பொய்க் கம்ப்யூட்டரு செய்வோம். விர்ச்சுவல் மெஷினுன்னு பேரு. அதுக்குள்ள உங்க பழைய விண்டோஸு. அதுக்குள்ள உங்க டிசைனு."

"ஊட்டுக்குள்ள இன்னொரு ஊடு கட்டி அதுல எங்களக் குடி வெக்கிறே."

"கரெக்டுக்கா! இதைப் புரிய வெக்க எங்க ஃபோர்மேனுக்கு ஒரு மாசம் ஆச்சி."

உண்மையைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் பெட்டி நான்கு மாதம் அருமையாக ஓடியது. வைரஸ் எட்டிப் பார்க்கவில்லை. நான் தொழுகையில் அவருக்கும் சேர்த்து துவா கேட்டேன். ஆனால் நன்றாக ஓடுகிற ஒன்றை எத்தனை நாள்தான் ஒரு ரிப்பேர்ப் பிரியர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்? 2009 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் மாடியில் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு இறங்கி வருவதற்குள், பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வெர்ஷன் போட்டிருந்தார்.

"பழசுல இன்னா கொறச்சல் தம்பி?"

"கொறச்சல் ஒண்ணும் இல்லக்கா. புதுசு வந்துடுச்சி, அதான்."

அன்று போயிற்று நிம்மதி.

டிசைன் சாஃப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு. டாங்கிள் என்பார்கள். கட்டைவிரல் அளவு. கம்ப்யூட்டர் பின்னால் அதைச் செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். வெளிப் பெட்டி அதை வாங்கி உள் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். நான்கு மாதம் கொடுத்தது. புது வெர்ஷன் வந்ததும் நிறுத்திக்கொண்டது. டாங்கிள் இல்லை, திறக்க மாட்டேன் என்று திரை சொல்லிற்று. கையில் பிடித்துச் செருகியவள் நான். என்னிடமே இல்லை என்கிறது!

அந்த நேரம் பார்த்து ஜெயராஜ் சார் வந்தார். எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை தருகிற கம்பெனியின் அலுவலர். மார்ச் நாலு பாதுகாப்பு தினம். நானூறு சட்டை. பையில் கம்பெனி சின்னம், அதன் கீழே புதிதாக ஒரு வரி: 'விபத்தில்லா ஆயிரம் நாள்'. பழைய டிசைனென்றால் ஃப்ளாப்பியைப் போட்டு மிஷினை ஓட்டிவிடலாம். புது வரி எழுத அந்த சாஃப்ட்வேர் வேண்டும்.

"பாயம்மா, மூணாந்தேதி சாயங்காலம் சட்டை வந்தாகணும். வரலன்னா வருஷ ஆர்டரே சென்னைக்குப் போயிடும். என் கையில ஒண்ணும் இல்ல."

வருஷ ஆர்டர் போனால் கடை போகும். கிரேஸுக்கு இரண்டு பெண்கள், வேறு வருமானம் இல்லை. நானூறு சட்டை பின்ன எங்கள் மிஷினுக்கு முழுசாக மூன்று நாள். அதாவது இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமைக்குள் அந்த ஒரு வரியை எழுதியாக வேண்டும். இருந்தது எட்டு நாள்.

பூவராகவனைக் கூப்பிட்டோம். வந்தார், உட்கார்ந்தார், தட்டினார். டாங்கிள் தெரிந்தது! சாஃப்ட்வேர் திறந்தது!

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல. யாரு தொட்டது?"

"யாரும் தொடல தம்பி. எழுந்திரு, கிரேஸு அந்த வரிய எழுதட்டும்."

"இருங்க, ஒரு தரம் ரீஸ்டார்ட் பண்ணிட்டா சுத்தமா இருக்கும்."

ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினார். நாங்கள் உட்கார்ந்தோம். டாங்கிள் இல்லை.

மறுநாள் மறுபடி வந்தார். வந்ததும் தெரிந்தது. சுத்தம் செய்தார். போனார். இல்லை. என்ன மாயம்? அவர் முகத்தைக் கண்டால் வருகிறது, என் முகத்தைக் கண்டால் ஒளிகிறது. நான் என்ன பாவம் செய்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றிரண்டு ஞாபகத்துக்கும் வந்தது. தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அவர் யோசித்தது வேறு மாதிரி. மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றார். ஸ்டெபிலைசர் மாற்றினார். டாங்கிளைத் துடைத்தார். வெளிப் பெட்டியைக் கழற்றிப் புதிதாகப் போட்டார், உள் பெட்டியைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓட விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கடலுக்குப் போன படகைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு இணையப் பக்கத்தில் கேள்வி போட்டார். ஆறாம் நாள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்.

"அக்கா! போலந்துல ஒருத்தருக்கு இதே பிராப்ளம்!"

"அல்ஹம்துலில்லாஹ்! அவருக்குச் சரியாயிடுச்சா?"

"இல்ல. ஆனா இதே பிராப்ளம்!"

இதுதான் இந்த இனத்தின் அடையாளம். உங்களுக்கு வேண்டியது விடை. அவருக்கு வேண்டியது துணை.

இருபத்தெட்டாம் தேதி வந்தது. பூவராகவன் காலை ஷிஃப்டில் இருந்தார். உள்ளே செல்போன் கூடாது. மேஜையில் நானூறு வெள்ளைச் சட்டை அடுக்கியிருந்தது. நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். கிரேஸ் திரையையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவுரு வந்தா மொதல்ல இன்னா பண்றாரு?"

"சவுண்டு மாறியிருக்குதுன்றாரு."

"அதுக்கு அப்பால. நம்ம பேரு இருக்கற பக்கத்த மூடிட்டு அவுரு பேரைத் தட்டி உள்ள போறாரு. அவுருக்குத் தனியா ஒரு வாசலு. நாம நம்ம பேரைத் தட்டிப் போறோம். அவுரு வாசல்ல போனா டாங்கிளு தெரியுது. நம்ம வாசல்ல போனா தெரியல."

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவரே போன் செய்தார். கிரேஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். மறுபக்கம் டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"அக்கா..."

"சொல்லு தம்பி."

"புதுசு போட்டப்ப ஒரு குரூப்பு கேட்டுச்சி. அந்தக் குரூப்புல பேரு இருக்கறவங்களுக்குத்தான் டாங்கிளு தெரியும். என் பேரைப் போட்டேன்."

"என் பேரு?"

"...போடல."

"எட்டு நாளாவா?"

"எட்டு நாளாத்தாங்க்கா."

கடை வாடகை நான் கொடுக்கிறேன். கரண்டு பில் நான் கட்டுகிறேன். டாங்கிளுக்குப் பணம் நான் கட்டினேன். குரூப்பில் மட்டும் நான் இல்லை! எட்டு நாள் அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். மின்சாரத்தை, டாங்கிளை, என் கையை, போலந்துக்காரரை. ஒரே ஒருவரைத்தான் சந்தேகப்படவில்லை. அவருக்குச் சரியாக ஓடியதே, பிறகு எப்படிச் சந்தேகம் வரும்?

இரண்டு மணிக்குக் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு மொபெட்டில் வந்து சேர்ந்தார். முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினார். என் பெயரால் வெளியே வந்து, என் பெயரால் உள்ளே போகச் சொன்னார். போனேன். டாங்கிள் தெரிந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. அவர் கை தானாக நீண்டது.

"ஒரே ஒரு ரீஸ்டார்ட்டு..."

"தம்பி, எழுந்திரு."

"சுத்தமா இருக்குமேன்னு..."

"எழுந்திருன்னேன்!"

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் எழுந்தார். கிரேஸ் உட்கார்ந்தாள். இருபது நிமிஷத்தில் 'விபத்தில்லா ஆயிரம் நாள்' ஃப்ளாப்பியில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் முதல் பூசைக்குப் போய்விட்டு நேரே மிஷினுக்கு வந்தாள். பூவராகவனும் வந்தார், யாரும் கூப்பிடாமலே. கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னி வந்த சட்டைகளில் நூல் வெட்டினார், மடித்தார். திங்கட்கிழமையும், செவ்வாய்க்கிழமையும் லீவு போட்டு வந்தார். நடுவில் ஒருமுறை எம்பிராய்டரி மிஷின் பக்கம் தலையைச் சாய்த்து, "சவுண்டு..." என்று ஆரம்பித்தார். கிரேஸ் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினாள். "சவுண்டு நல்லா கீது" என்று முடித்துக்கொண்டார்.

மூன்றாம் தேதி நாலே முக்காலுக்குச் சட்டைகளை ஒப்படைத்தோம். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டில் 'விபத்தில்லா' கோணலாகப் போய்விட்டது. ஜெயராஜ் சார் எண்ணிப் பார்த்தார். "பரவால்ல பாயம்மா, ரெண்டு பேரு கால்ல கட்டோட லீவுல இருக்காங்க" என்றார். சொன்ன பிறகுதான் பையில் இருக்கும் வரியைப் பார்த்தார். வருஷ ஆர்டர் எங்களிடமே நின்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் யார் வீட்டிலோ டி.வி. நன்றாக ஓடிக்கொண்டிருக்க, "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று ரிமோட்டைக் கேட்டு வாங்கினவர் யார்? மருமகள் வைத்த குழம்பு கொதிக்கும்போது, ருசி பார்க்காமலே உப்பு டப்பாவை எடுத்தவர் யார்? உங்களுக்குச் சரியாக இருப்பதால் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது என்று, எத்தனை பேர் பெயரை எத்தனை குரூப்பில் போடாமல் விட்டிருக்கிறீர்கள்? யோசியுங்கள். நானும் யோசித்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுத வேண்டாம்.

மே மாதம் பூவராகவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்ட்ரல் போகும் வண்டியில் சத்யாவும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமான்களோடு மூடி இல்லாத மிக்சி ஒன்றும் போயிற்று. நானும் கிரேஸும் வழியனுப்பப் போயிருந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, இனிமே கம்ப்யூட்டரு மக்கர் பண்ணா நான் யாரைக் கூப்புடறது?"

வண்டி நகர்ந்தது. அவர் கதவோரம் நின்று, அதன் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மக்கர் பண்ணா யாரை வேணா கூப்புடுங்கக்கா. நல்லா ஓடிக்கினு இருந்தா மட்டும் யாரையும் உள்ள வுடாதீங்க. நானே வந்தாலும் சேத்துதான் சொல்றேன்."